பின்னால் வந்த புள்ளி

பீஷ்தியானி
செப்டம்பர் 24

ஷெல்மீரா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவின் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. புதுப் போன் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை உன் எண்ணைத் தடுத்ததுதான். அந்தத் தடையை எடுப்பதாக இல்லை. ராட்காவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், என் மகள் பாதியை விழுங்கிவிட்டு மீதிக்குத் தேன் தடவிக் கொடுப்பாள். அதனால்தான் தபால். சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன்.

தொடைக்குள் ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் இந்த வெந்நீர்ச் சிகிச்சை இல்லத்துக்கு மாற்றினார்கள். காலையில் முதுகில் கந்தகச் சேற்றை அப்பி, சுருட்டிப் படுக்க வைக்கிறார்கள். மத்தியானம் பிசியோதெரபிக்காரி வந்து காலைப் பிடித்து முறுக்குகிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போய், கீழே வாஹ் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அந்த ஆற்றைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

அக்டோபர் கடைசியில் விட்டுவிடுவார்கள். நான் நோவே மெஸ்டோவுக்கு வரப்போவதில்லை. நேரே ப்ர்னோவுக்கு, ராட்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கேயே இருந்துவிடப் போகிறேன். நம் வீட்டில் என் பாதியை நீ பூட்டி வைத்தாலும் சரி, கோழி வளர்த்தாலும் சரி.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், தெரியாது என்று நாளைக்கு நீ சொல்லிவிடக் கூடாது. டெமடீன் கோட்டைக்குக் கீழே, மத்தியானத்திலிருந்து வெயில் சாயும் வரை தொடை முறிந்து இலைக் குப்பையில் கிடந்தேன். நீ போட்டி முடியும் ஹ்லோஹோவெட்ஸ் வரை சைக்கிளை மிதித்துப் போய், அங்கே கொடுத்த இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் போனில் என் புள்ளி தெரிந்ததா இல்லையா? போட்டிக்காரர்கள் இடம் காட்டும் டிராக்கரை ஆளுக்கொன்று கொடுத்தது எதற்காக? நின்றுபோன புள்ளியைப் பார்த்துவிட்டும் ஒருத்தி எப்படி மேலே போவாள்?

அதைவிடக் கொடுமை, போட்டியின் இணையப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே ‘முடித்தார்’ என்று போட்டிருக்கிறார்களாம். உன் பெயருக்கு நேரே ‘பாதியில் விலகினார்’ என்று இருக்கிறதாம். ராட்கா படித்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அசைய முடியாமல் கிடந்தவள் எப்படி முடித்தாள்? நீ யாரிடமாவது பேசி இதைச் செய்தாயா? எனக்குப் பிச்சை போட்டாயா?

என் குளிர்கால மேலங்கியைத் தபாலில் அனுப்பு. அலமாரியின் இடது பக்கம். வேறெதையும் தொடாதே.

ஒட்டீலியா


நோவே மெஸ்டோ
செப்டம்பர் 28

அக்கா,

மேலங்கி நாளை கிளம்புகிறது. பையில் பூச்சி உருண்டை இருந்தது, எடுத்துவிட்டேன்.

நீ திட்டியதற்கு வருத்தமில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வெளியே வந்து, “நீங்க தங்கச்சியா? உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க”ன்னு எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதற்குக்கூட வருத்தமில்லை. ஆனால் நீ எழுதியிருப்பதை நான் மூன்று முறை படித்தேன். அது நான் பார்த்ததோடு ஒத்துவரவில்லை.

அக்கா, உன் புள்ளி நிற்கவே இல்லை.

நான் போனில் வரைபடத்தைத் திறந்தபோதெல்லாம் உன் பெயர் போட்ட புள்ளி எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டே இருந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. சரி, கோபத்தில் இருக்கிறாள், பேச விருப்பமில்லாமல் இடைவெளி விட்டு வருகிறாள் என்று நினைத்தேன். டெமடீன் கோட்டை வாசலுக்குப் போய் இறங்கினேன். நம் கிளப் வழக்கத்தை நான் மறக்கவில்லை. முதலில் போனவர் சுவரைத் தொடக் கூடாது, கூட வந்தவர் வந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் கை வைக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உன் புள்ளி ஏறி ஏறி வந்து வாசலுக்கே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன், நீ இல்லை.

சத்தியமாக அக்கா. புள்ளி என் காலடியில் இருக்கிறது. நீ இல்லை. உன் பெயர் சொல்லிக் கத்தினேன். இடிந்த சுவர் எல்லாவற்றையும் சுற்றி வந்தேன். புதருக்குள் எட்டிப் பார்த்தேன், அங்கே ஒரு ஜோடி உட்கார்ந்து பாலாடைக் கட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். உனக்குப் போன் அடித்தேன், அணைந்திருந்தது. வேண்டுமென்றே அணைத்துவிட்டாய், கோட்டைக்கு ஏறாமல் கீழ்க் காட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு என்னைக் கடந்து போய்விட்டாய் என்று முடிவு செய்தேன். இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது உனக்குப் புதிதா?

சுவரைத் தொடாமலே கிளம்பினேன். இறங்கிய பிறகு ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தேன். உன் புள்ளி பாலத்துக்கு வந்தது. நீ வரவில்லை. அதற்குப் பிறகு நான் நிற்கவே இல்லை, பயந்துபோய் ஓட்டினேன்.

இன்னொன்று. வழியில் ராட்காவிடமிருந்து செய்தி வந்தது. “சித்தி, என்னாச்சு? ஏன் நின்னுட்டீங்க? அம்மா போய்க்கிட்டே இருக்காங்களே!” நான் பதில் போட்டேன். “நான் எங்கடி நின்னேன், மூச்சு முட்ட மிதிச்சுக்கிட்டிருக்கேன். மேப்புக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு.” அவளைக் கேட்டுப் பார்.

நீ விழுந்த பிறகு எழுந்து கொஞ்ச தூரம் ஓட்டினாயா? மயக்கத்தில் நினைவில்லாமல் இருக்கலாமா? கேட்கிறேன், கோபிக்காதே.

ப்ர்னோ வேண்டாம் அக்கா. அந்த அடுக்குமாடியில் சைக்கிள் வைக்கவே இடமில்லை.

ஷெல்மீரா


பீஷ்தியானி
அக்டோபர் 2

ஷெல்மீரா,

மேலங்கி வந்தது. பித்தான் ஒன்று குறைகிறது. உன் வேலை என்று சொல்லவில்லை.

தொடை எலும்பு இரண்டாய்ப் போன பிறகு நான் எழுந்து ஓட்டினேனா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், ஓட்டினேன். ஒரு காலைத் தோளில் போட்டுக்கொண்டு மறு காலால் மிதித்தேன். கேட்பதற்கு உனக்குக் கூச்சமாக இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன், தெரிந்துகொள். நாம் தண்ணீர் பிடிக்க நின்ற ஊற்றடியிலிருந்து ஏறும் காட்டுப் பாதையில், கோட்டைக்கு முன்னால் ஒரு பள்ளம் வரும் இல்லையா, சரளை எல்லாம் மழையில் அரித்துப்போய்க் குண்டு கல்லாக இருக்கும் இடம். அங்கே வேகமாக இறங்கினேன். முன் சக்கரம் கல்லில் திரும்பியது. பாதையை விட்டுப் பறந்து கீழ்ச் சரிவில் போய் விழுந்தேன். போன் பாறையில் அடித்து நொறுங்கிவிட்டது. மேலே பாதையில் இரண்டு மூன்று பேர் போகும் சத்தம் கேட்டது, கத்தினேன். சரளையில் சக்கரம் உருளும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, சரிவுக்குக் கீழே கிடப்பவள் கத்துவதா கேட்கும்?

கடைசியில் ஒரு காளான்காரர் கூடையோடு வந்தார். கண்டதும் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? “அம்மா, அப்படியே அசையாம இருங்க. உங்க முழங்கைக்குப் பக்கத்துல ரெண்டு அருமையான காளான் இருக்கு.” நான் அழுதுகொண்டே, “ஐயா, எனக்கு அசையவே முடியல”ன்னு சொன்னேன். அப்புறம்தான் என் காலைப் பார்த்தார். பாவம், கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். மலை மீட்புக்காரர்கள் வந்து தூக்கியபோது அந்த இரண்டு காளானையும் பறித்துவிட்டுத்தான் என்னிடம் விடை பெற்றார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ராட்காவைக் கேட்டேன். நீ சொன்னது உண்மைதான், அந்தச் செய்தியைக் காட்டினாள். நான் கிடந்த நேரம் முழுக்க அவள் ப்ர்னோவில் உட்கார்ந்து என் புள்ளி கோட்டை தாண்டுவதையும் ஆறு தாண்டுவதையும் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாளாம். நான் முடித்ததும் மருமகன் ஒயின் பாட்டிலைத் திறந்தானாம். உன் புள்ளிதான் காட்டுக்குள் நின்றிருந்ததாம்.

ஆக என் டிராக்கர் உன்னிடம்தான் இருந்திருக்கிறது. வேறு வழியே இல்லை. அது எப்படி உன்னிடம் வந்தது? இரண்டு நாளாக யோசித்து ஒன்றுதான் தோன்றுகிறது. ஜோடியாகப் பதிந்தவர்கள் ஜோடியாக வந்து சேர்ந்தால்தான் பரிசாக அந்தப் பித்தளை மணி கிடைக்கும். நான் பின்தங்கிவிடுவேன், மணி போய்விடும் என்று பயந்து, ஊற்றடியில் என் டிராக்கரைக் கழற்றி உன் பையில் போட்டுக்கொண்டாய். இரண்டு புள்ளியும் சேர்ந்து போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டாய். உன்னுடையது எப்படியோ எங்கேயோ விழுந்துவிட்டது. இப்படித்தானே?

இல்லை என்றால் எப்படி என்று எழுது. எனக்கு உன்னைத் திருடி என்று நினைக்க ஆசையில்லை. வேறு எதையும் நினைக்கத் தெரியவில்லை.

ஒட்டீலியா


நோவே மெஸ்டோ
அக்டோபர் 6

அக்கா,

முதலில் நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்த வார்த்தைகளைத் தபால்காரர் தூக்கிக்கொண்டு வந்தால் அவருக்கே பாவம்.

பித்தளை மணிக்காக நான் உன் டிராக்கரைத் திருடினேனா? ஒட்டீலியா, நான் ஒன்றரை வருடம் புற்றுநோய் வார்டில் கிடந்து எழுந்தவள். எனக்கு மணியா வேண்டும்?

நீ கேட்டதால் ஊற்றடியில் நடந்ததை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். உனக்கு வேறு மாதிரி நினைவிருந்தால் சொல். எனக்கே இப்போது என் நினைவின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். ட்ரென்சீன் கிளப் ஆட்கள் பிளம் சாராயப் புட்டியைச் சுற்றுக்கு விட்டார்கள். என்னிடம் வந்ததும் நீ குறுக்கே கை நீட்டினாய். “அவளுக்கு வேணாம். இப்பதான் சிகிச்சை முடிஞ்சு எழுந்து வந்திருக்கா. அவ பையையும் நானே கொண்டுவர்றேன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கறா. முடியலன்னா வாயத் தெறந்து சொல்லவும் மாட்டா.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புட்டியை நீட்டியவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பார், அதைத்தான் நான் ஒன்றரை வருடமாக எல்லா முகத்திலும் பார்க்கிறேன். அந்த முகங்களிலிருந்து தப்பிக்கத்தான் அக்கா நான் இந்தப் போட்டிக்கே வந்தேன்.

நான் சொன்னதும் நினைவிருக்கிறது. “இன்னொரு தடவ என் சுமையில கை வெச்சே, எனக்கு அக்காவே கெடையாது. புரியுதா?” சத்தமாகச் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். பிறகு ஆலயத்துக்குப் பின்னால் போய் முகம் கழுவினேன், கொஞ்சம் அழுதேன். திரும்பி வந்து, உன் பக்கம் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். உன் சைக்கிளுக்குப் பக்கத்தில்கூட நான் போகவில்லை. டிராக்கர் பையின் வெளிவலையில் மாட்டியிருந்தது. அதை நான் எப்போது கழற்றினேன், சொல்?

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லவேண்டும் என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். இப்படிச் சண்டைக் கடிதத்தில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அந்த ஏற்றம் இருக்கிறதே, டெமடீன் ஏற்றம், நோய்க்கு முன்னால்கூட நான் அதில் இறங்கித் தள்ளியிருக்கிறேன். அன்றைக்கு இறங்கவே இல்லை. முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. சைக்கிள் தானாகப் போனது. சரளையில் சக்கரம் வழுக்கவில்லை, கால் கனக்கவில்லை, மூச்சு அளவாக வந்தது. கோபத்தில் போகிறேன் என்று முதலில் நினைத்தேன். கோபம் தீர்ந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தேன். ட்ரென்சீன்காரர்கள் இரண்டு பேரைக் கடந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் பிழைத்துவிட்டேன் என்று. டாக்டர் பலமுறை சொன்னார், நான் தலையாட்டினேன், நம்பவில்லை. அந்த ஏற்றத்தில்தான் நம்பினேன். கோட்டை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உனக்காக நின்றது இதைச் சொல்லத்தான். சண்டையெல்லாம் மறந்தே போயிருந்தது. நீ வந்ததும் சொல்லிவிட்டு ஓவென்று அழலாம் என்று இருந்தேன். உன் புள்ளி மட்டும் வந்தது.

முடிவு மேடையில் இருந்த பெண்மணி பையிலிருந்து டிராக்கரைக் கழற்றி எண்ணைப் பார்த்துவிட்டு, “வாழ்த்துகள், ஒட்டீலியா அம்மா!” என்றாள். நம் இருவரையும் மாற்றிச் சொல்லாதவர் யார் இருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டு விட்டேன். இப்போது யோசித்தால் அது உன் எண்தான். என் பையில் உன் டிராக்கர். எப்படி? எனக்கு ஒன்றுமே புரியவில்லை அக்கா.

என் சைக்கிளும் பையும் அன்றைக்கு வந்தபடியே நிலவறையில் தொங்குகின்றன. உனக்கு இப்படி ஆனது தெரிந்ததிலிருந்து அதைத் தொடவே மனம் வரவில்லை. பையில் ஒரு துண்டு தொத்திறைச்சி வேறு இருந்தது, இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன், ஏதாவது துப்புக் கிடைக்கிறதா என்று.

ஷெல்மீரா


பீஷ்தியானி
அக்டோபர் 10

ஷெல்கா,

உன் கடிதம் வந்தது. நீ டிராக்கரைத் திருடவில்லை. நான் அப்படி எழுதியது தவறு. அதை இத்துடன் விட்டுவிடலாம்.

யோசித்துப் பார்த்தால் கருவி விநியோகித்த இடத்திலேயே எண்ணை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதுதான் நடந்திருக்கும். இதற்குப் போய் நாம் மண்டையை உடைத்துக்கொள்வானேன்.

நீ அந்தப் பையைத் திறக்க வேண்டாம். தொத்திறைச்சி கெட்டு நாறிக் கிடக்கும், உன் உடம்புக்கு அது ஆகாது. அடுத்த வாரம் ராட்கா அந்தப் பக்கம் வருகிறாள், அவளிடம் அப்படியே கொடுத்துவிடு. அவள் கழுவி எடுத்துக்கொள்வாள்.

இங்கே இன்று கசகசா போட்ட நூடுல்ஸ் கொடுத்தார்கள். சர்க்கரை குறைவு. வாக்கர் இல்லாமல் நான்கு அடி வைத்தேன்.

அந்த ஏற்றத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நல்லது.

அக்கா


நோவே மெஸ்டோ
அக்டோபர் 13

ஒட்டீலியா,

திறந்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே திறந்துவிட்டேன். வந்திருந்தாலும் திறந்திருப்பேன். நீ ஒரு கடிதத்தில் மன்னிப்பும் கேட்டு, என் உடம்பைப் பற்றியும் கவலைப்பட்டு, ஷெல்கா என்று செல்லமாகவும் கூப்பிட்டால் எனக்குச் சந்தேகம் வராதா? பிறந்ததிலிருந்து உன்னைத் தெரியும்.

நான் வைத்த தொத்திறைச்சி இல்லை. அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, ஸ்பேனர் சாவிக் கொத்து இல்லை, டயர் குழாய் இல்லை. என்ன இருந்தது சொல்லட்டுமா? உன் கம்பளி மேல்சட்டை. உன் மாத்திரை டப்பா. உன் பருத்திச் செருப்பு. பறவை பார்க்கிற உன் சின்ன பைனாகுலர். எல்லாம் சேர்ந்து ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்லை.

கிளப் வருட விழாவுக்கு எல்லோருக்கும் கொடுத்த அதே பச்சைப் பை. நம் இருவரிடமும் ஒன்று. நான் ஆலயத்துக்குப் பின்னால் முகம் கழுவப் போனபோது நீ பையை மாற்றியிருக்கிறாய். டிராக்கர் பையோடு போய்விட்டது; வரைபடம் சில நிமிடம் தாமதமாகக் காட்டுவதால் அது எனக்குப் பின்னால் வருவதுபோல் தெரிந்திருக்கிறது. நீ என் இரும்புக் கடையைத் தூக்கி உன் சைக்கிளில் கட்டிக்கொண்டாய். அந்தக் கனம்தான் பள்ளத்தில் உன் முன் சக்கரத்தைத் திருப்பியது. நான் கோட்டை வாசலில் நின்று என்னையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தில் நின்றும் என்னையே எதிர்பார்த்தேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உன் புள்ளியை மட்டும் பார்த்தேனே, ஒரே ஒரு தடவை என் புள்ளி எங்கே என்று தேடியிருந்தால் நீ கிடந்த இடம் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவள் யார் தன் புள்ளியைப் பார்க்கிறாள்? தான் எங்கே இருக்கிறோம் என்றுதான் தெரியுமே.

மத்தியானம் முழுக்க நீ அங்கே கிடந்தாய். நீ என்ன செய்திருந்தாலும் நான் உன்னைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அது ஒரு பக்கம்.

மறு பக்கம் கேள். என் சுமையைத் தொடாதே என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, நீ தொட்டாய். அதுகூடப் போகட்டும். அந்த ஏற்றம், அக்கா. அது என் கால் பலம் இல்லை, பை லேசாக இருந்தது. உன் பருத்திச் செருப்பு. நான் பிழைத்துவிட்டேன் என்று நம்பிய அந்த ஒரு மத்தியானம் நீ எனக்குத் தெரியாமல் கையில் திணித்த மிட்டாய். ஒன்றரை வருடத்தில் நான் எனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான். நிலவறைத் தரையில் உட்கார்ந்து உன் செருப்பை வைத்துக்கொண்டு அழுதேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. உன் காலுக்காகவா, என் காலுக்காகவா.

அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன் இருக்கிறது. அந்த ஏற்றத்தை நினைத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம் என்று இருந்தேன்.

நீ ப்ர்னோவுக்குப் போவதானால் போ. இருக்கச் சொல்ல இனி எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் போகாதே என்று எழுதத்தான் கை வருகிறது. எதையாவது நீயே முடிவு செய்.

ஷெல்மீரா


பீஷ்தியானி
அக்டோபர் 17

ஷெல்கா,

ஆமாம். மாற்றினேன். கருவி மாறிவிட்டது என்று கதை கட்டியதும் நான்தான். உன்னைத் திருடி என்று எழுதிய நாளில் பையோடு டிராக்கரும் போகும் என்பது எனக்கு உண்மையாகவே தோன்றவில்லை. நீ ‘பையின் வெளிவலை’ என்று எழுதியதைப் படித்தபோதுதான் சேற்றுக்குள் படுத்திருந்த எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எனக்கு நானே செய்துகொண்டதற்கு ஒரு மாதமாக உன்னைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று தவறு. அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று காலை பெட்ஸ்கோவ் கோட்டையிலிருந்து கிளம்பினோமே, அப்போது இரும்புக் கடை உன் சைக்கிளில்தான் இருந்தது. அந்தக் காலை முழுக்க என்னால் உன் பின்சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றங்கரைச் சரளையில் நீ பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய், நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பின்னால் வந்தேன். நீ நின்று திரும்பி, “என்ன அக்கா, வர்றியா?”ன்னு கேட்டபோதெல்லாம், “கோட்டைய போட்டோ எடுத்தேன்டி”ன்னு சொன்னேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. போன் நொறுங்கிப்போனதில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

நீ படுத்திருந்த ஒன்றரை வருடமும் நான் வாரம் தவறாமல் ஓட்டினேன். மழையிலும் ஓட்டினேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் பிழைத்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டவளும் நான்தான். பிழைத்து வந்த கையோடு என்னை முந்துவாய் என்று யார் எதிர்பார்த்தார்கள்? வயிறு எரிந்தது, ஷெல்கா. எழுதவே கூசுகிறது. ட்ரென்சீன்காரர்கள் முன்னால் உன் நோயைப் பற்றிப் பேசினேனே, உன் மேல் அக்கறையில் மட்டுமா பேசினேன்? இவள்தான் நோயாளி, நான் இல்லை என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பையை மாற்றியதும் அதற்குத்தான். கனமான பை என்னிடம் இருந்தால் நான் பின்தங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். மேலே வந்ததும், “பாருடி, இவ்வளவு தூரம் உன் சுமைய நான்தான் கொண்டுவந்தேன்”ன்னு எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருப்பேன். அதற்குள் நீ கண்ணில் படாத தூரம் போய்விட்டாய். அடுப்பும் சாவியும் பாத்திரமும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும், நான்தான் சுமந்தேன். அந்தக் கனம் குறைந்ததற்கெல்லாம் ஒருத்தி டெமடீன் ஏற்றத்தில் ட்ரென்சீன்காரர்களைத் தாண்டமாட்டாள். உன்னைப் பிடிக்கத்தான் அந்தப் பள்ளத்தில் பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன்.

உன்னைத் தேற்ற அக்கா கதை சொல்கிறாள் என்று நினைப்பாய். நான் உனக்கு நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன், அதனால் உன்னைக் குறை சொல்ல முடியாது. நானும் படுத்தபடி யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பையின் வாரை அவிழ்க்கும்போது உன் மேல் பாவம் கொஞ்சமும் இல்லையா என்றால், இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் பெட்ஸ்கோவிலிருந்து ஊற்றடி வரை நான் உன் பின்னால் மூச்சு வாங்கியது பொய் இல்லை. அதை நீ வைத்துக்கொள். ஸ்கேனுக்குப் போகும்போது கொண்டு போ.

ராட்காவிடம் ப்ர்னோ இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அறையெல்லாம் ஒழித்து வைத்துவிட்டாளாம், ஒரு மணி நேரம் கத்தினாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை இங்கிருந்து வண்டி என்னை நோவே மெஸ்டோவில் கொண்டுவந்து விடும். உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன், ஆனால் கூப்பிடாதே. பேசினால் அழுதுவிடுவேன்.

நம் வாசல் படிகளை இந்தக் காலால் ஏற முடியாது. இரண்டு ஆள் பிடித்து அனுப்புகிறேன் என்று ராட்கா சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். இங்கே நூடுல்ஸாகத் தின்று முன்னைவிடக் கனத்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. நீ தூக்கு. நான் உன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறேன்.

அக்கா